சேற்றுப்புண்: களிம்பு தடவினால் போகிறது, விட்டால் வருகிறது

கேள்வி: நாள் முழுக்க ஷூ போட்டு வேலை செய்பவன் நான். மூன்று மாதமாகக் கால் சுண்டுவிரல் இடுக்கில் அரிப்பு. மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது. விட்டதும் முன்பைவிடப் பரவலாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ட்யூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா? அவை ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், சேற்றுப்புண்ணுக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பு அடங்கிவிடுவதால் பூஞ்சை நிம்மதியாகப் படரும். இரண்டே நாளில் சுகம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்புக்கு ஸ்டீராய்டு என மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்து, 'எல்லாத்துக்கும் கேட்கும்' என்று நீட்டுகிறார்கள். கேட்பார் இல்லை. சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

சரி, உங்களுக்கு இருப்பது சேற்றுப்புண்தானா? விரலிடுக்கில் தோல் வெளுத்து, ஊறிய தாள் போல உரியும், வெடிக்கும், நாறும். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில்தான் பெரும்பாலும் தொடங்கும். அங்கே காற்றே புகாது. உள்ளங்கால் மாவு தூவியது போலச் செதில் செதிலாக இருந்தால் அதுவும் பூஞ்சையாக இருக்கலாம். வெறும் வறட்சி என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள்.

ஸ்டீராய்டு கலக்காத தனி மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். டெர்பினாஃபின் 1% க்ரீம் என்றால் ஒன்றிரண்டு வாரம். க்ளோட்ரிமசோல் என்றால் நான்கு வாரம் வரை. அரிப்பு நின்றதும் ட்யூபை மூடி வைத்துவிடக் கூடாது. பழைய களிம்பை விட்ட முதல் சில நாள் அரிப்பு கூடலாம், பயந்து மறுபடி அதைத் தொடாதீர்கள்.

குளித்ததும் துண்டின் முனையை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு ஒற்றி எடுங்கள். அந்தத் துண்டு காலுக்கு மட்டும். உடுத்தும்போது முதலில் சாக்ஸ், அப்புறம் ஜட்டி! சிரிக்காதீர்கள், காலில் உரசிய ஜட்டி வழியாகத்தான் இது தொடையிடுக்குக்கு ஏறுகிறது. ஷூ இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று காய ஒரு நாளாவது வேண்டும்.

சர்க்கரை நோய் இருந்தால் மட்டும் மேலே சொன்ன கைவைத்தியம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். மரத்த காலில் வெடிப்பு வலிக்காது. அந்த மயிரிழை வெடிப்பு வழியே பாக்டீரியா புகுந்தால் கால் சிவந்து வீங்கி, காய்ச்சலோடு படுக்க நேரும். சர்க்கரைக்காரர்கள் வெந்நீரில் காலை ஊறவைப்பதும் கூடாது, சுடுவதே தெரியாது. உரிந்த தோலை பிளேடால் சீவவே கூடாது. தினமும் இடுக்குகளைப் பாருங்கள். குனிய முடியாதென்றால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு வாரத்தில் அடங்காவிட்டாலோ, நகம் மஞ்சளாகித் தடித்திருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். தோலையோ நகத்தையோ சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையா என்று தெரிந்துவிடும். போகும்போது அந்தப் பழைய ட்யூபையும் எடுத்துச் செல்லுங்கள்.