பையன் வாழ்க்கை

வணக்கம் ஐயா,

எங்கள் தெருவில் ஒரு பையன், வேலை முடிந்து வந்த பெண்ணை இருட்டில் மடக்கி அத்துமீறினான். வழக்கு நடந்தது. தீர்ப்புக்கு முன் 'பையன் நல்லவன், தண்டனையைக் குறைக்க வேண்டும்' என்று ஒரு தாள் வீடு வீடாக வந்தது. மாமியார் நீட்டினார், நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓராண்டுச் சிறை விதித்தார்கள். அப்பீல் போட்டு ஜாமீனில் வந்துவிட்டான். ஓராண்டே அதிகம், பையன் வாழ்க்கை போயிற்று என்று தெருவே புலம்புகிறது. 2019இல் ஹைதராபாத்தில் ஒரு பெண் மருத்துவரைக் கெடுத்துக் கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் என்கவுண்டரில் சுட்டுக் கொன்றதற்கு இதே தெருவில்தான் லட்டு கொடுத்தார்கள். தூக்குத் தண்டனை கொடுத்தால் இதெல்லாம் குறையுமா? பெண் நீதிபதிகள் அதிகமானால் சரியாகுமா? சினிமாதான் காரணம் என்கிறார் என் கணவர்.

கே., குடியாத்தம்

அன்புள்ள கே.,

சினிமா பற்றி உங்கள் கணவருக்கு இன்னொரு நாள் பதில் சொல்கிறேன். நீதிபதி ஆணா பெண்ணா என்பதும் இருக்கட்டும். யார் உட்கார்ந்திருந்தாலும் மேசைமேல் வந்து விழும் காகிதம் ஒன்றுதான். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே, அந்தக் காகிதம். அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். உங்களைவிட அதிகமாகவே தெரியும்.

1987. வடாற்காடு மாவட்டம் இன்னும் பிரியாத காலம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, பத்தொன்பது வயதில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அதற்கு நான்கு வருடம் முன்புதான் சட்டத்தைத் திருத்தி, பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை என்று ஆக்கியிருந்தார்கள். அந்தத் திருத்தம் சும்மா வரவில்லை. மதுரா என்ற ஆதிவாசிப் பெண்ணின் வழக்கில், உடம்பில் காயம் இல்லாததையும் ஒரு காரணமாகச் சொல்லி, இரண்டு போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுதலை செய்தது. மறு வருடம் சட்டப் பேராசிரியர்கள் நான்கு பேர் அந்த நீதிமன்றத்துக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்படி வந்த ஏழாண்டு அது. ஆனால் கூடவே ஒரு திட்டிவாசலையும் வைத்துவிட்டார்கள். 'போதுமான, சிறப்பான காரணங்கள்' இருந்தால், அவற்றைத் தீர்ப்பில் எழுதிவிட்டு ஏழுக்குக் கீழேயும் குறைக்கலாம். எங்கள் வக்கீலின் பிழைப்பில் பாதி அந்தத் திட்டிவாசலில் நடந்தது.

குற்றவாளி என்று தீர்மானித்த பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று நீதிபதி அவனைக் கேட்க வேண்டும். சட்டம் அது, நல்ல சட்டமும்கூட. அதற்கான பதிலைத்தான் நாங்கள் தயாரித்தோம். வயதான தாய். மணமாகாத தங்கை. குடும்பத்தில் சம்பாதிப்பவன் இவன் ஒருவனே. இளம் வயது. இதற்கு முன் எந்தக் குற்றமும் செய்ததில்லை. வக்கீல் வாயைத் திறக்கும் முன்பே என் விரல் ஓடிவிடும். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் மாறும்.

பள்ளிகொண்டா பக்கத்துக் கிராமத்துப் பையன் ஒருவன். ஊரே அறுபது கையெழுத்து போட்டு ஒரு மனு கொண்டுவந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் முதல் கையெழுத்து. பெண்ணின் சொந்தத் தாய்மாமன் நான்காவதோ ஐந்தாவதோ. கடைசியில் அந்தப் பெண்ணின் அம்மாவையே அழைத்துவந்திருந்தார்கள். கைநாட்டு. அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி எடுத்தவன் நான். காய்த்துப்போன விரல், ரேகை சரியாக விழவில்லை, இரண்டாம் தடவையும் ஒற்றினேன். துணியால் விரலைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, இதில் என் பெண் பெயர் எங்கேயாவது வருகிறதா?" என்று கேட்டார். இல்லை அம்மா என்றேன். "நல்லது. வரவே வேண்டாம்" என்றார். ஏதோ ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது போல எனக்கு இருந்தது.

ஏழாண்டு மூன்றாண்டு ஆயிற்று. வக்கீல் சம்பளத்துக்கு மேல் பத்து ரூபாய் கொடுத்தார். அன்று இரவு பிரியாணி சாப்பிட்டேன்.

இன்னொன்று. அந்தப் பையனுக்குத் தங்கையே கிடையாது. பழைய மனுவிலிருந்து அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் கவனிக்கவில்லை, வக்கீலும் கவனிக்கவில்லை, அரசு வக்கீலும் எழுந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறக்காத தங்கையின் கல்யாணத்துக்காக நான்கு வருடம் குறைந்தது.

கிராமத்து வக்கீலின் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹரியானாவில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு விதித்த பத்தாண்டை 1989இல் உச்ச நீதிமன்றமே ஐந்தாகக் குறைத்தது. அந்தப் பெண்ணின் 'நடத்தை'யை ஒரு காரணமாகச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, நடத்தை என்றது ஒழுக்கத்தை அல்ல, புகார் சொல்லத் தாமதித்ததைத்தான் என்று விளக்கம் வந்தது. விளக்கம் வந்தாலும் ஐந்து ஐந்தாகவே இருந்தது. 2013இல்தான் அந்தத் திட்டிவாசலை அடைத்தார்கள். 2018இல் ஏழு பத்தாயிற்று. உங்கள் தெருப் பையனின் வழக்கு வேறு பிரிவாக இருக்க வேண்டும். ஓராண்டு என்கிறீர்கள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பெண்ணை மானபங்கம் செய்வதற்கான 354ஆம் பிரிவாக இருந்தால் அது அந்தச் சட்டம் அனுமதித்த ஆகக் குறைந்த அளவு. 2013க்கு முன்னால் அந்தக் குறைந்தபட்சமும் இல்லை. அதைத்தான் அதிகம் என்கிறது உங்கள் தெரு.

தூக்கைக் கேட்டீர்கள். டெல்லிப் பேருந்துக் கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த வர்மா குழு 2013 ஜனவரியிலேயே இந்தக் குற்றத்துக்குத் தூக்கு வேண்டாம் என்று எழுதியது. நான் சொல்வது அதைவிடச் சாதாரணமான விஷயம். ஓராண்டைக் குறைக்கவே வீடு வீடாகத் தாள் கொண்டுபோகிற ஊர், தூக்கு என்றால் என்ன செய்யும்? அந்தப் பெண் புகார் கொடுக்கும் முன்பே வாசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். லட்டு கொடுத்தவர்களுக்கு ஹைதராபாத் தூரம், அந்த நான்கு பேர் யார் பெற்ற பிள்ளைகளோ. அது கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டது என்று 2022இல் விசாரணை ஆணையம் சொன்னபோது லட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நீங்கள் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு பார்க்கிற ஊர்க்காரர். எதற்காக அந்தத் தலை தெருவில் வருகிறது? ரேணுகை தண்ணீரில் ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்தாள், அவ்வளவுதான். புருஷன் உத்தரவு போட்டான், பெற்ற மகன் வெட்டினான். இளம் வயது, நன்னடத்தை, குடும்பச் சூழ்நிலை என்று அவளுக்காக யார் கையெழுத்து வாங்கினார்கள்? பிறகு அவளைச் சாமியாக்கி, மாலை போட்டு, தோளில் தூக்கி வருகிறோம். நானும் கூட்டத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவன்தான், உங்களை மட்டும் சொல்லவில்லை.

மாமியார் நீட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நீட்டியது தாளைத்தானே, விரல் உங்களுடையது அல்லவா? கோபித்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்துப் போட்டதை ஒளிக்காமல் எழுதினீர்கள். எனக்கு அதற்கே முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பையன் இருக்கிறான், மாமியார், கணவர், தெரு, லட்டு எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண் முதல் வரியில் ஒருமுறை வருகிறாள், அப்புறம் இல்லை. அவள் இன்னும் உங்கள் தெருவில்தான் இருக்கிறாளா? அதே வேலைக்குத்தான் போகிறாளா, அதே இருட்டு வழியாகத்தான் திரும்பி வருகிறாளா? தெரிந்தால் எழுதுங்கள். தெரியவில்லை என்றால், நான்கு வீடு தள்ளித்தானே இருக்கும், போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம்.