ஆற்றில் இறங்குகிறவர்களை முதலில் கேளுங்கள்

கேள்வி: நியூ மெக்சிகோவில் ஒரு பூர்வகுடி அரசின் நீர்வளத் துறையில் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் ஆற்றுக்கான நீர்த்தர வரையறைகளைத் திருத்தப்போகிறோம். கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்று நடத்தினால் போதுமா? மேலாற்று நகரத்தாரையும் அழைக்க வேண்டுமா? ஆற்றில் நடக்கும் எங்கள் சடங்குகளைப் பற்றி வெளியில் பேச மூத்தோர் விரும்புவதில்லை. அதற்கு என்ன வழி?

பதில்: சட்டத்துக்கு ஒரு கூட்டம் போதும். பொதுவாக 45 நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும்; ஆவணங்கள் 30 நாட்களுக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும். ஆனால் வரைவை எழுதி முடித்துவிட்டு மூத்தோரை அழைப்பது, கல்யாணப் பத்திரிகை அச்சடித்தபின் பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்றது. வரைவுக்கு முன்பே வீடு வீடாகப் போங்கள்.

சடங்கின் விவரம் உங்களுக்குத் தேவையே இல்லை. உடல் நீரில் முழுகுமா, நீர் வாய்க்குள் போகுமா, ஆற்று மீனை எவ்வளவு உண்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால் மாசு வரம்பைக் கணக்கிட்டுவிடலாம். உங்கள் மாநிலத்திலேயே இஸ்லெட்டா பியூப்ளோ என்ற பூர்வகுடி மக்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1992-இல் ஒப்புதல் பெற்ற அவர்களது வரையறை, சடங்குப் பயன்பாட்டை 'நீரில் முழுகுவதும் நீரை உட்கொள்வதும்' என்ற அளவிலேயே விளக்கியது. ரியோ கிராண்டே ஆற்றில் அவர்களுக்குச் சுமார் 8 கிலோமீட்டர் மேலே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருந்த அல்புகெர்க்கி நகரம், இது மதத்துக்கு அரசு துணைபோவது என்றுகூட வாதாடிப் பார்த்தது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது.

நகரத்தாரைக் கட்டாயம் அழையுங்கள். உங்கள் வரம்பு இறுகினால் அவர்களுடைய கழிவுநீர் உரிமத்தின் நிபந்தனையும் இறுகும், செலவு அவர்களுடையது. தவிர, வரையறைக்கு அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒப்புதல் தரும் கட்டத்தில் தனிக் கூட்டம் நடத்தும் கட்டாயம் இல்லை என்பதால், அவர்கள் பேசவேண்டிய இடம் உங்கள் கூட்டம்தான். வக்கீல்கள் தடித்த கோப்புகளோடு வருவார்கள், வரட்டும். ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் எழுத்தில் பதில் கொடுத்து வையுங்கள். நாளை வழக்கு வந்தால் உங்களைக் காப்பது அந்தத் தாள்கள்தான்.

பூர்வகுடி மன்றம் இறுதி முடிவெடுத்த 30 நாட்களுக்குள், சட்ட அதிகாரியின் சான்றோடு முகமைக்கு அனுப்பிவிட வேண்டும். கூட்டத்துக்கு ஊர் மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். தேதி குறிக்கும் முன் ஊர்த் திருவிழா நாட்களையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.