சட்டம் இல்லாமலே பிடித்துப் போனார்கள்

(வாசகர் கேள்வி – பதில்)

முதல் உலகப்போர்க் காலத்தில் பஞ்சாப் கிராமங்களிலிருந்து இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எப்படித் திரட்டினார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதை ஒட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. கோபமாக எழுதியவர்களும் உண்டு. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): பிரிட்டனில் 1916இல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு அப்படி ஒரு சட்டம் கடைசிவரை வரவே இல்லை. போனவர்கள் சம்மதித்து, சம்பளம் வாங்கிக்கொண்டு போனவர்கள். அதைப் போய்க் கட்டாய ஆள்சேர்ப்பு என்று எப்படி எழுதினீர்கள்?

பதில்: சட்டம் இல்லை என்பது சரி. இன்னும் சொல்லப்போனால், 1917இல் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் கட்டாயப்படுத்தியது இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்களைத்தான். இந்தியர்கள் விருப்பப்பட்டால் சேரலாம், அவ்வளவுதான். காகிதத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வதே நியாயம் என்று தோன்றும்.

ஆனால் சட்டம் இருந்த பிரிட்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். சட்டம் வந்ததோடு ஊருக்கு ஊர் தீர்ப்பாயங்களும் வந்தன. பண்ணையைப் பார்க்க வேறு ஆள் இல்லை, அம்மாவுக்கு நான்தான் துணை, ஆயுதம் எடுக்க என் மனசாட்சி இடம் தரவில்லை என்று போய் முறையிட ஓர் இடம் இருந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்லவில்லை, நிறையப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள், ஆனாலும் கேட்க ஒரு வாசல் இருந்தது. பஞ்சாபின் ஜீலம் மாவட்டத்து விவசாயி எங்கே போய்க் கேட்பான்? அவனைக் கட்டாயப்படுத்துவதாக ஒரு சட்டமே இல்லாதபோது அதிலிருந்து விலக்குக் கேட்க மட்டும் எங்கே இடம் இருக்கும்? அதனால்தான் சட்டம் இல்லாத கட்டாயம் சட்டம் உள்ள கட்டாயத்தைவிடக் கொடியது என்று நினைக்கிறேன்.

இது நடந்த விதத்தையும் சொல்கிறேன். 1917 தொடக்கம் வரை இன்ன சாதி, இன்ன இனம் போர்க்குணம் உள்ளது என்று அவர்களாக வைத்திருந்த பட்டியல்படிதான் ஆள் எடுத்தார்கள். ஆள் போதவில்லை. மெசபொடேமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், படை கரைந்துகொண்டிருந்தது. 1916 ஏப்ரலில் கூட் நகரில் ஒரு படையே துருக்கியரிடம் சரணடைந்திருந்தது. அதனால் முறையை மாற்றி, ராணுவம் செய்த வேலையில் மாவட்ட நிர்வாகத்தையும் இறக்கினார்கள். மாகாணத்துக்கு இத்தனை பேர், மாவட்டத்துக்கு இத்தனை, தாலுகாவுக்கு இத்தனை என்று எண்ணிக்கை மேலிருந்து இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் கிராமத் தலைவர்களின் தலையில் விழுந்தது. அங்கே ஜைல்தார், லம்பர்தார் என்பார்கள், நம் பக்கத்து மணியக்காரர், கிராம முன்சீப் மாதிரி. ஆள் கொடுத்தால் பட்டமும் நிலமும், கொடுக்காவிட்டால் பதவியே போய்விடும் என்ற நிலைமையில் அந்த ஆள் என்ன செய்வார்? தனக்குக் கீழே இருப்பவனை நெருக்குவார்.

1918 ஏப்ரலில் டெல்லியில் போர் மாநாடு நடந்த பிறகு இது இன்னும் முற்றியது. இந்தியா முழுவதும் இன்னும் 5 லட்சம் பேர் வேண்டும், அதில் பஞ்சாப் மட்டும் 2 லட்சம் தர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் மைக்கேல் ஓ'டுவையர். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு ஆதரவாக நின்றவர், 1940இல் லண்டனில் உத்தம் சிங் சுட்டுக் கொன்றாரே, அவரேதான்.

கிராமத்தில் அந்த நெருக்கடி என்னென்ன வடிவம் எடுத்தது என்பதை பஞ்சாபில் நடந்த கொடுமைகளை விசாரித்து 1920இல் வெளியான காங்கிரஸ் விசாரணைக் குழு அறிக்கையில் படிக்கலாம். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பட்டியல் எடுத்தார்கள். ஆள் தராத குடும்பத்துக்குக் கால்வாய்த் தண்ணீர் நின்றது. நன்னடத்தை ஜாமீன் கேட்கும் சட்டப் பிரிவுகளில் வழக்குப் போட்டு, மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பியதும் வழக்கைக் கைவிட்டார்கள். தப்பி ஓடினால் வீட்டில் இருப்பவர்கள் மீது கை வைத்தார்கள். இதற்கெல்லாம் உத்தரவு என்று மேலிருந்து எழுதிய ஒரு தாள் கிடைக்காது, கிடைக்கவும் விட மாட்டார்கள். எண்ணிக்கை மட்டும்தான் மேலிருந்து வந்தது.

வசதி உள்ளவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆள் வாங்கினார்கள். ஊரே சேர்ந்து பணம் திரட்டி, நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து, எங்கிருந்தோ ஓர் ஏழைப் பையனைப் பிடித்துத் தங்கள் கணக்கில் எழுதவைத்தார்கள். மகனை விட்டுக்கொடுக்க மனமில்லாத ஓர் அப்பா பணம் கொடுக்கிறார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் யார் தலையில் போய் அது விடிந்தது என்பதை மறக்க முடியவில்லை: நிலம் இல்லாதவன், கூலிக்காரன், அவனுக்காகப் பேச ஊரில் ஒருவரும் இல்லாதவன்.

கேள்வி (ஓசூர் வாசகர்): வறுமைதானே காரணம்? சம்பளத்துக்காகப் போனவர்களை எல்லாம் பலியானவர்கள் என்று காட்டுவது சரியா?

பதில்: வறுமை பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய் சம்பளம். பஞ்சாபின் உப்புமலைத் தொடரை ஒட்டிய மானாவாரிக் கிராமங்களில் அந்தக் காசு பெரிய காசு. அப்பா, தாத்தா காலத்திலிருந்து பட்டாளத்துக்குப் போகிற குடும்பங்கள் அங்கே இருந்தன. அதில் கௌரவமும் இருந்தது, பெருமையோடு போனவர்களும் உண்டு. போரிடும் பிரிவுகளில் சேர்ந்தவர்களில் பஞ்சாப் மட்டும் கொடுத்தது சுமார் 3.5 லட்சம் பேர். ராவல்பிண்டி, ஜீலம் மாவட்டங்களில் படைவயது ஆண்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் போயிருக்கிறார்கள். முதல் இரண்டு வருஷம் போனவர்களையும் 1918இல் போனவர்களையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. சம்பளம் அதே சம்பளம்தான், சலுகைகள் கூடத்தான் செய்தன, இலவச ரேஷன், சேரும்போது முன்பணம் எல்லாம் வந்தன. அதற்குப் பிறகும் வீடுவீடாகப் பட்டியல் எடுக்க வேண்டி வந்தது என்றால் மனம் வைத்து வருகிற ஆட்கள் தீர்ந்துபோய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

கேள்வி (மதுரை வாசகி): யாருமே எதிர்க்கவில்லையா?

பதில்: எதிர்த்தார்கள் அம்மா. ஷாபூர் மாவட்டத்தில் 1918இல் ஆள்சேர்ப்பில் கடுமை காட்டிய தாசில்தார் ஒருவரை ஊர்க்காரர்கள் கொன்றே விட்டார்கள். முல்தான் பக்கமும் கலவரம் நடந்தது. இளைஞர்கள் காட்டுக்குள் ஓடினார்கள், உறவுக்காரர் ஊர்களில் ஒளிந்தார்கள்.

பிரான்சில் இருந்த சிப்பாய்கள் தங்களால் முடிந்த விதத்தில் எச்சரித்தார்கள். கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படிப்பார்கள் என்று தெரியும், அதனால் மறைமுகமாக எழுதினார்கள். இந்தியச் சிப்பாய்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைச் சிவப்பு மிளகு என்றும் குறிப்பிட்டு, கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது, இங்கே அதைத்தான் அதிகம் செலவழிக்கிறார்கள் என்கிற பொருளில் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. தம்பியைச் சேரவிடாதே என்று ஓர் அண்ணன் இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? தணிக்கை அதிகாரிகள் இவற்றை மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்ததால்தான் இன்று நம் கைக்கு வருகிறது.

பஞ்சாபுக்கு வெளியே மணிப்பூரையும் சொல்ல வேண்டும். பிரான்சுக்குத் தொழிலாளர் படை அனுப்ப ஆள் கேட்டபோது அங்கிருந்த குக்கிப் பழங்குடித் தலைவர்கள் பலர் மறுத்துவிட்டார்கள். படை போனது, கிராமங்கள் எரிந்தன, அது 1917இலிருந்து 1919 வரை நீண்ட ஒரு போராகவே ஆகிவிட்டது. துப்பாக்கி தூக்கக்கூட இல்லை, மண் வெட்டவும் மூட்டை சுமக்கவும்தான் ஆள் கேட்டார்கள், அதற்கே இந்த விலை. சிறைகளிலிருந்து கைதிகளைச் சுமை தூக்க மெசபொடேமியாவுக்கு அனுப்பியதும் இதே காலத்தில்தான்.

கேள்வி (வேலூர் வாசகர்): எங்கள் ஊரில் "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றார்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு கல் இருக்கிறது. பெயர்கள் இல்லை. அவர்கள் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: அந்தக் கல் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு, எண்ணிக்கையோடு நின்றுவிடும். இறந்தவர்கள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் தாறுமாறாக இருக்கும், ஒரே பெயரை நாலு விதமாக அடித்துப் பாருங்கள், படைப்பிரிவு தெரிந்தால் வேலை சுலபம். உங்கள் பக்கத்து ஆட்கள் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் பிரிவில் நிறையப் பேர் மெசபொடேமியா போயிருக்கிறார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் மனம் உடைந்துவிடாதீர்கள். ஈராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களைப் பெயர் பொறிக்காமல் வெறும் எண்ணிக்கையாகவே விட்டிருந்தார்கள். 2021இல் அந்த ஆணையமே இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பஞ்சாபில் போர் முடிந்ததும் கிராமம் கிராமமாக எழுதி வைத்த 26 பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. அவற்றில் சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் உள்ளன, 2021இலிருந்து அவற்றைப் பகுதி பகுதியாக இணையத்திலும் ஏற்றத் தொடங்கினார்கள். நம் ஊர்களுக்கு அப்படி ஒன்று இருந்தால் எத்தனை நன்றாக இருக்கும்! அதுவரை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள், பழைய பென்ஷன் தாள், பதக்கம் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதக்கத்தின் விளிம்பில் பெயரும் எண்ணும் பொறித்திருப்பார்கள்.

கேள்வி (கோவை வாசகர்): அன்றைய தலைவர்கள் என்ன செய்தார்கள்? காந்தியே ஆள் சேர்த்தார் என்கிறார்களே?

பதில்: சேர்த்தார். டெல்லி மாநாட்டில் கலந்துகொண்டு, 1918 கோடையில் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து பட்டாளத்துக்கு ஆள் கேட்டார். அதற்குச் சற்று முன்னால்தான் அதே ஊர்களில் வரிகொடா இயக்கம் நடத்தியிருந்தார், அப்போது மக்கள் தாங்களாகவே வண்டி கட்டிக் கொண்டுவந்து நின்றார்கள். இப்போது வாடகைக்குக்கூட வண்டி கிடைக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அகிம்சை பேசிய நீங்கள் ஆயுதம் எடுக்கச் சொல்லலாமா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அந்த விவசாயிகளால் மறுக்க முடிந்தது, ஏனென்றால் கேட்டவர் கையில் தண்ணீர் மடையும் இல்லை, தாசில்தார் பதவியும் இல்லை.

நம் மாகாணத்துத் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். மதராஸ் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சங்கரன் நாயர் 1922இல் எழுதிய புத்தகத்தில் பஞ்சாபில் நடந்த கொடுமைகளுக்கு ஓ'டுவையரைப் பொறுப்பாக்கினார். ஓ'டுவையர் லண்டனில் அவதூறு வழக்குப் போட்டார். 1924இல் நடந்த அந்த விசாரணையில் ஆள்சேர்ப்புக் கொடுமைகளும் சாட்சியத்தில் வந்தன. 12 ஜூரிகளில் 11 பேர் ஓ'டுவையர் பக்கம், நாயர் 500 பவுண்டு நஷ்டஈடு கட்ட வேண்டியதாயிற்று.

காந்தி விஷயத்துக்கு வருகிறேன். கேடாவில் ஆள் கேட்டு அலைந்த அடுத்த வருஷமே அவர் பஞ்சாபுக்குப் போனார். நான் மேலே சொன்ன காங்கிரஸ் அறிக்கையின் பின்னால் இருந்த விசாரணைக் குழுவில் அவரும் ஒருவர். ஜாலியன்வாலா பாக் படுகொலையை விசாரிக்கப் போன அந்தக் குழு ஊர்க்காரர்களிடம் பேசப்பேச, பிள்ளைகளைப் பிடித்துப் போன கதைகளும் வந்துகொண்டே இருந்தன. அவற்றையும் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்த்தார்கள்.