ஒன்றுதான் வாங்கினோம், குளமே நிறைந்துவிட்டது!

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் தோட்டத்து வீடு. பின்கட்டில் அல்லிக்காக வெட்டிய சின்ன மண் குளம் இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு என் மகன் மீன் தொட்டிக் கடையில் 'குட்டி லாப்ஸ்டர்' என்று ஒன்றை வாங்கி வந்தான். தொட்டி உடைந்ததால் அதைக் குளத்தில் விட்டோம். வாங்கியது ஒன்றே ஒன்றுதான். இப்போது டார்ச் அடித்தால் ஐம்பது, அறுபது ஓடுகின்றன. அல்லிக்கொடியை அறுக்கின்றன, மீன் குஞ்சே தங்கவில்லை. "பிடித்துக் குழம்பு வை" என்கிறார் மாமியார். "பாவம், கொண்டுபோய் ஏரியில் விட்டுவிடலாம்" என்கிறார் கணவர். எப்படிப் பிடிப்பது? சாப்பிடலாமா?

பதில்: சகோதரி, பிடித்துவிட வேண்டும் என்பதில் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஏரியில் விடவே கூடாது. ஒன்றைக்கூட விடக் கூடாது.

உங்கள் குளத்தில் இருப்பது லாப்ஸ்டர் இல்லை, கிரேஃபிஷ். நன்னீரில் வாழும், கொடுக்குள்ள, இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்கார உயிர். இந்தியாவில் எந்த ஆற்றிலும் இது இயற்கையாக இருந்ததில்லை. வண்ண மீன் வியாபாரத்தோடு வந்து சேர்ந்தது.

ஒன்று எப்படி அறுபதானது என்று திகைத்திருப்பீர்கள். ஏற்கெனவே சினையாக இருந்ததை வாங்கியிருக்கலாம். இல்லையென்றால் அது பளிங்கு கிரேஃபிஷாக இருக்கலாம். ஓட்டின் மேல் பழுப்பும் பச்சையும் கலந்து பளிங்குக் கல் மாதிரிக் கோலம் தெரிகிறதா பாருங்கள். இந்த வகையில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். துணையில்லாமலே முட்டையிடும், குஞ்சுகள் அச்சு அசலாகத் தாயின் நகல். 1990களில் ஜெர்மனியின் மீன் தொட்டி வியாபாரத்தில்தான் முதலில் கண்டார்கள். ஒரு தாய் வாலுக்கு அடியில் திராட்சைக் கொத்து போல நூற்றுக்கணக்கில் முட்டை சுமக்கும். மடகாஸ்கர் தீவில் இது நெல் வயல்களிலும் ஓடைகளிலும் பரவி, இன்று அங்கே சந்தையில் வைத்து விற்கிற அளவுக்குப் பெருகிவிட்டது. நெல் வயல் என்று படித்தபோது எனக்கு நம் ஊர்க் கழனிகள்தான் கண்ணில் வந்தன.

நம் பக்கத்து ஏரிகள் தனித்தனி இல்லை. ஒன்று நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து கழனிக்கு, கடைசியில் பாலாற்றுக்கு. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மாதிரி ஒரு மழைக்கு உங்கள் குளம் நிரம்பி வழிந்தால் போதும். இவை ஈரத்தில் நடந்தே வெளியே போகக் கூடியவை. கரையில் பொந்து போட்டு வரப்பைக் குடையும். இறால் பண்ணைகளைப் பாழாக்கும் வெண்புள்ளி நோயின் கிருமியையும் சுமக்கும். சின்ன வயதில் புரட்டாசி மழை விட்டதும் அண்ணனோடு கழனி நண்டு பிடிக்க ஓடியவள் நான். நண்டு வளைக்குள் குச்சியை விட்டு, அது கவ்வும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்போம். அந்த நண்டே இப்போது அரிதாகிவிட்டது. அதன் இடத்தை வெளியூர்க் கொடுக்கு பிடித்துக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சரி, பிடிப்பதற்கு வருவோம். பகலில் இவை அதிகம் வெளியே வராது. இருட்டிய பிறகு ஒரு கோழிக் கழுத்தையோ மீன் தலையையோ கெட்டி நூலில் கட்டி, கரையோரமாக இறக்குங்கள். நூல் மெல்ல நகரும். உடனே சுண்டி இழுத்தால் விட்டுவிடும். பத்து எண்ணிவிட்டு, பால் காய்ச்சும்போது ஆடையைத் தூக்குகிற மாதிரி அவ்வளவு நிதானமாக மேலே கொண்டுவாருங்கள். இரையை விட மனசில்லாமல் தொங்கிக்கொண்டே வரும். தண்ணீருக்கு மேல் வந்தால்தான் உதறும், அதனால் நீருக்குள் இருக்கும்போதே கீழே ஒரு வலைக் கரண்டியைப் பிடித்துவிட வேண்டும். உங்கள் மகனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும். கையால் தூக்கும்போது கொடுக்குக்குப் பின்னால், முதுகின் இரு பக்கமும் கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்தால் கடிக்க எட்டாது.

இரவெல்லாம் உட்கார முடியாதே, அதற்குப் பறி போடுங்கள். மூங்கில் பறி கிடைக்காவிட்டால் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்துப் பகுதியை வெட்டி, உள்பக்கம் பார்க்கிற மாதிரித் திருப்பிச் செருகி, ஓரத்தில் கம்பியால் தைத்தால் அதுவே பறி. வாய் சின்னதாக இருந்தால் பெரியவை நுழையாது, கொஞ்சம் அகலமாக வெட்டுங்கள். பாட்டிலைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே கோழி ஈரலும் ஒரு கல்லும் வையுங்கள். மேல் பக்கம் கொஞ்சம் தண்ணீருக்கு வெளியே தெரிகிற மாதிரிச் சாய்த்து வைத்தால் உள்ளே இருப்பவை மூச்சு முட்டிச் சாகாது. சாயங்காலம் வைத்து விடிந்ததும் எடுங்கள்.

சாப்பிடலாமா என்பதற்கு ஒரே பதில் இல்லை, அது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றித் தோல் பதனிடும் ஊர்கள். அந்தக் கழிவுக்காக உச்ச நீதிமன்றமே 1996ல் தீர்ப்புச் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிரேஃபிஷ் சேற்றைக் கிளறித் தின்னும் பிராணி, உலோகம் அதன் உடம்பில் தங்கும். தலைக்குள் இருக்கும் மஞ்சள் கொழுப்பில் அதிகமாகத் தங்கும். குளத்துக்கு ஊற்றுவது எந்தத் தண்ணீர்? உங்கள் கிணறோ போரோ எப்போதாவது நிறம் மாறியிருந்தால், பக்கத்தில் தோல் தொழிற்சாலைக் கால்வாய் இருந்தால், அல்லது தென்னைக்கு அடித்த மருந்து வழிந்து வருகிறதென்றால் சமைக்க வேண்டாம். பிடித்து, ஃப்ரீசரில் வைத்துக் கொன்று, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள், தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியத்தையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். மீன் தொட்டிக்கு ஊற்றும் மருந்து எதையும் குளத்தில் ஊற்றியிருந்தாலும் வேண்டாம். வீட்டில் யாருக்காவது இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு வரும் என்றால் அவர்களுக்கு இதுவும் ஆகாது.

தண்ணீர் சுத்தம் என்றால், பிடித்ததை அகலத் தொட்டியில் இரண்டு விரல்கடை தண்ணீரில், ஈரச் சாக்கால் மூடி ஒரு நாள் பட்டினி போடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றினால் வயிற்றுச் சேறு குறையும். ஆழமாக ஊற்றினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். செத்ததைச் சமைக்கக் கூடாது. சமைக்கும் முன் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மரத்துப்போகும், அப்புறம் உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். உயிரோடு துடிக்க விட வேண்டாம். ஓடு செக்கச்செவேல் என்று ஆன பிறகும் சில நிமிடம் கொதிக்கட்டும். நண்டையும் கிரேஃபிஷையும் அரைவேக்காட்டில் தின்றால் நுரையீரலில் புழு தங்கும் நோய் வரலாம். மணிப்பூர் பக்கம் இதைக் காசநோய் என்று நினைத்து மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. நன்றாக வெந்தால் அந்தப் பயம் இல்லை.

ஆறியதும் தலையையும் வாலையும் திருகிப் பிரியுங்கள். வால் நுனியில் விசிறி மாதிரி ஐந்து மடல் இருக்கும். நடுமடலை இடமும் வலமும் ஒருமுறை திருகி மெதுவாக இழுத்தால், கறுப்பு நூல் போலக் குடல் அப்படியே உருவிக்கொண்டு வரும். இது வந்த பிறகுதான் ஓட்டை உரிக்க வேண்டும். தலையைத் தூக்கிப் போடுங்கள். அமெரிக்காவில் லூசியானாவில் தலையை உறிஞ்சிச் சாப்பிடுவார்கள், நம் பகுதித் தண்ணீருக்கு அந்த ஆசை வேண்டாம்.

ஒரு கிலோ பிடித்தால் சதை இருநூறு கிராம்கூடத் தேறாது. அதனால் இதைத் தனியாகச் செய்யாமல் முள்ளு கத்திரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வையுங்கள். இலவம்பாடி காய் கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். கடலை எண்ணெயில் கடுகு, வெந்தயம் தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்கி, நாலாய்ப் பிளந்த கத்திரிக்காயைப் போட்டு, குழம்பு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்புச் சேர்த்துப் புளியைக் கரைத்து ஊற்றுங்கள். காய் வெந்து எண்ணெய் மிதக்கும்போது சதையைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, மிளகும் சோம்பும் தட்டிப் போட்டு இறக்குங்கள். அதற்கு மேல் விட்டால் சதை ரப்பராகிவிடும். கேழ்வரகுக் களியைக் குழித்து, நடுவில் இந்தக் குழம்பை ஊற்றிப் பாருங்கள். கொடுக்குகளை அம்மிக் குழவியால் லேசாக உடைத்து மிளகு ரசத்தில் போடலாம், சளிக்கு இதமாக இருக்கும்.

சமையலோடு வேலை முடியவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் குளத்தைக் காலி செய்தாக வேண்டும். அதுவரை குளத்தைச் சுற்றி வழுக்கும் தகரம் ஒரு முழ உயரத்துக்கு நட்டு வையுங்கள். மோட்டார் போட்டு இறைக்கும்போது தண்ணீரைக் கால்வாயில் விடாமல், கொசுவலை கட்டித் தென்னம்பாத்தியிலேயே பாயவிடுங்கள். விரல் நுனி அளவுக் குஞ்சுகள் வலையில் நிற்கும். கரையில் பொந்து ஒவ்வொன்றையும் மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள், ஈரம் இருந்தால் உள்ளே வெகுநாள் உயிரோடு இருக்கும். வெயில் பட்டுச் சேறு வெடிக்கும் வரை குளத்தைக் காயவிடுங்கள். மறுபடி தண்ணீர் விட்ட பிறகு ஒரு மாதம், வாரம் இருமுறையாவது ராத்திரியில் கோழிக் கழுத்தைக் கட்டி இறக்கிப் பாருங்கள். அந்த மாதம் முழுக்க நூல் ஒருமுறைகூட அசையாவிட்டால், அல்லிக் கிழங்கை நட்டு மீன் குஞ்சு விடலாம்.