ஆட்டுக் கம்பளி போட்டா கழுத்து அரிக்குது, அல்பாக்கா ஸ்வெட்டர் வாங்கினா சரியாகுமா?

எனக்கும் இதே தொல்லைதான், கம்பளி மப்ளர் சுத்தினா பத்து நிமிஷத்துல கழுத்து செவந்துடும். அதனாலயே அல்பாக்கா (ஒட்டகக் குடும்பத்து மிருகம், ஆடு மாதிரி முடிக்காக வளர்க்கறாங்க) பக்கம் வந்தேன், ஆறு வருஷமா அந்த நூல்லதான் பின்னிட்டு இருக்கேன்.

முடியோட மேல்பக்கம் மீன் மாதிரி செதில் இருக்கும். அல்பாக்காவுக்கு அது ஆட்டுமுடியை விட நல்லா படிஞ்சு தட்டையா இருக்கும், அதான் தொட்டா வழுவழுன்னு இருக்கு. லானோலின்ங்கற பிசுக்கும் ரொம்ப கம்மி. ஆனா அல்பாக்கான்னு பேர் இருந்தா போதும்னு வாங்கிடாதீங்க, முடி எவ்வளவு சன்னம்ங்கறதுதான் கணக்கு, 30 மைக்ரானைத் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தாண்டினா இதுவும் குத்தும். லேபிள்ல பேபி அல்பாக்கான்னு போட்டிருந்தா கிட்டத்தட்ட 22 மைக்ரான், உங்களுக்கு அதுதான் சரி. குட்டியோட முடின்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்லைங்க, வளர்ந்த மிருகத்தோட முடியா இருந்தாலும் அந்த சன்னத்துல இருந்தா அந்தப் பேர்தான்.

சூடு பத்தி கேக்கவே வேண்டாம். பெரு, பொலிவியாவுல ஆண்டிஸ் மலைமேல 4000 மீட்டர் உயரத்துல ராத்திரி பனியில நிக்கிற மிருகம் அது, நிறைய முடிக்கு உள்ள நடுவுல காத்து அடைஞ்சிருக்கும், அதனால கனமில்லாம கதகதன்னு இருக்கும்.

குறைன்னா ஒண்ணு இருக்கு, அதை கடைக்காரங்க சொல்றதில்ல. ஆட்டுமுடியில இருக்கற சுருள் இதுல கம்மி, அல்பாக்காவுலயே சூரிங்கற வகையில சுத்தமா கிடையாது, அதனால ஸ்பிரிங் மாதிரி இழுத்து பழைய நிலைக்கு வராது. நான் முதல்ல பின்னின ஸ்வெட்டரை ஹேங்கர்ல மாட்டி வெச்சேன், ஒரே குளிர்காலத்துல நாலு விரக்கடை நீண்டு தொங்கிடுச்சு, மூணு மாசம் உட்கார்ந்து பின்னினது, மனசே ஆறல. மடிச்சுதான் வைக்கணும். ஸ்வெட்டருக்கு கொஞ்சம் மெரினோ (ரொம்ப சன்னமான ஒரு வகை ஆட்டுமுடி) கலந்த நூல் நல்லது, சால்வைக்கு தனி அல்பாக்காவே போதும், அந்த தொங்கற குணமே அதுக்கு அழகு.

துவைக்கறப்போ பச்சைத்தண்ணியில கொஞ்சம் ஷாம்பு, அமுக்கி எடுங்க, முறுக்காதீங்க, துண்டுல சுருட்டி தண்ணியை எடுத்துட்டு தரையில விரிச்சு காயப்போடுங்க. சுடுதண்ணியில போட்டு கசக்கினா ஒட்டிக்கிட்டு கெட்டியாயிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

முடிஞ்சா சாயம் போடாதது கேட்டு வாங்குங்க. வெள்ளையில இருந்து பழுப்பு, சாம்பல், கறுப்பு வரைக்கும் அந்த மிருகத்துக்கே அத்தனை நிறம் உண்டு, என் காப்பிக்கொட்டை கலர் சால்வை அப்படி வந்ததுதான்.