ஜெபத்துக்குள் மகனைத் திட்டும் அப்பா

அன்புள்ள ஆலோசகருக்கு,

வெள்ளவத்தையில் வசிக்கிறோம். கணவருக்குப் புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கு வேலை. மகனுக்கு 16 வயது, சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். மகளுக்கு 11. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலம் தொட்டு இரவு ஜெபத்தை நான்தான் நடத்தினேன். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஆளுக்கொரு வரி ஜெபம், அவ்வளவுதான்.

போன வருடம் சபையில் ஆண்களுக்கென்று ஒரு கூடுகை வைத்தார்கள். வீட்டுக்கு ஆசாரியன் தகப்பன்தான் என்று அங்கே சொன்னார்களாம். அதிலிருந்து இவரே ஜெபத்தை நடத்துகிறார். முதலில் எனக்கும் சந்தோஷம். இப்போதோ கண்ணை மூடியதும், "ஆண்டவரே, விடிய விடியப் போன் பார்க்கும் இந்தப் பிள்ளைக்குப் புத்தியைக் கொடும், அப்பன் படும் பாட்டை உணர்த்தும்" என்று தொடங்கிவிடுகிறார். மகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்ப்பாள். அவன் முகம் கறுத்துப்போகும். போன மாதம் பாதியில் எழுந்து போய்விட்டான். இவர் கை ஓங்கினார், நான் குறுக்கே போய்த் தடுத்தேன். ஏதும் சொன்னால், "நான்தான் தலையென்று வேதமே சொல்லுது" என்கிறார். மகன் ஞாயிறு ஆராதனைக்கும் வரமாட்டேன் என்கிறான். நான் என்ன செய்ய?

வாசகி, வெள்ளவத்தை

அன்புச் சகோதரி,

கணவர் பொறுப்பெடுத்தது நல்ல காரியம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. பிழைத்தது வேறிடத்தில். நேரே திட்டினால் மகன் வாதாடலாம். ஆண்டவரிடம் பேசிக்கொண்டிருக்கும் அப்பாவை எப்படி இடைமறிப்பான்? எழுந்து போவது ஒன்றுதான் அவனுக்கு மிஞ்சிய பதில். அதை வைத்து அவன் விசுவாசத்தை எடைபோட வேண்டாம். தங்கச்சிக்கு முன்னால் தினமும் மானம் போனால் எந்தப் பொடியன் உட்கார்ந்திருப்பான்?

'தலை' என்ற வசனம் எபேசியர் 5இல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்திலேயே, "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று வருகிறது. கோபப்படுத்தினால் பிள்ளைகள் திடனற்றுப்போவார்கள் என்று கொலோசெயர் 3:21 காரணமும் சொல்கிறது. அமெரிக்காவில் வேர்ன் பெங்ட்சன் என்ற சமூகவியலாளர் 1970 முதல் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பல தலைமுறைக் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பெற்றோரின் சமய நம்பிக்கை பிள்ளைகளிடம் போய்ச் சேர்வதில் அப்பாவோடு உள்ள நெருக்கத்துக்குப் பெரிய பங்குண்டு என்று கண்டார். அப்பா எவ்வளவு பக்தியாக இருந்தாலும், பிள்ளைக்கு அவர் பாசமில்லாதவராகத் தெரிந்தால் அந்தப் பக்தி அவ்வளவாகத் தொற்றுவதில்லை.

தீமோத்தேயு என்ற இளம் ஊழியனின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். நீங்கள் இத்தனை வருடம் நடத்திய ஜெபம் கணக்கில் சேராது என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இந்த வசனங்களைத் தூக்கிக்கொண்டு கணவரிடம் சண்டைக்குப் போனால் காரியம் கெடும். பிள்ளைகள் படுத்த பிறகு, "இவனை நினைத்து உங்களுக்கு என்ன பயம்?" என்று மட்டும் கேளுங்கள். பரீட்சை முடிவா, கூட்டாளிமாரா, 'ஐஸ்' போதைப் பழக்கமா? கொழும்பில் இந்த வயது மகனை வைத்திருக்கும் அப்பாமார் பலர் அந்தக் கடைசிப் பயத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை, போனைத்தான் குறைசொல்வார்கள். அவர் சொல்லச் சொல்லக் குறுக்கிடாமல் கேளுங்கள். பிறகு ஒரேயொரு வேண்டுகோள் வையுங்கள்: மகனைப் பற்றிய ஜெபத்தை அவர் தனியே செய்யட்டும். குடும்ப ஜெபத்தில் தன் கடை அலுப்பையும் கடன் கவலையையும் சொல்லட்டும். அப்பாவுக்கும் ஆண்டவர் தேவை என்று பிள்ளைகள் காதால் கேட்க வேண்டும். நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்தால் இன்னும் நல்லது.

உபாகமம் 6:7 வழியில் நடக்கும்போதும் பிள்ளையோடு பேசச் சொல்கிறது. உங்களுக்கு மெரின் டிரைவ் பக்கத்தில்தானே? ஞாயிறு பின்னேரம் அப்பாவும் மகனும் மட்டும் நடந்துவிட்டு வரட்டும். முதல் சில தடவை கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை. மகனிடம், "வாய்விட்டு ஜெபிக்க வேண்டாம், வந்து கூட இருந்தால் போதும்" என்று சொல்லுங்கள். ஆராதனை விடயத்தை இப்போதைக்குக் கிளறாதீர்கள்.

கை ஓங்கியதை நான் சின்ன விடயமாக எடுக்கவில்லை. அது அடியில் போய் முடிந்தால், சபையில் என்ன நினைப்பார்களோ என்று பார்த்திராமல் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

எதற்கும் அவர் இசையாவிட்டால் உடனே போதகரிடம் முறையிட வேண்டாம். போட்டுக்கொடுத்துவிட்டாய் என்பார். வளர்ந்த பிள்ளைகள் உள்ள, அவர் மதிக்கிற மூப்பர் ஒருவரை மனைவியோடு ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். பேச்சை அவர்களே அந்தப் பக்கம் கொண்டுபோகட்டும்.