எத்தனை பேர் கை தூக்கினார்கள்?

அன்புள்ள அண்ணன்,

ஸ்தோத்திரம். நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். வருகிற மே மாதம் கொடைக்கானலில் நடக்கும் எங்கள் சேகரத்து (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரத்து) வாலிபர் முகாமில் நான்கு செய்திகள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை வருவார்கள். நான் பிரசங்கி இல்லை. எப்படித் தயாரிப்பது? இன்னொன்று, கடைசி ராத்திரி கேம்ப் ஃபயர் முடிந்ததும் ஒப்புக்கொடுத்தல் நடத்தித் தரவேண்டுமாம், அதாவது வாழ்க்கையை இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கிறவர்களைக் கை தூக்கச் சொல்லவேண்டுமாம். எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று அறிக்கையில் எழுதுவார்களாம். அதுதான் உறுத்துகிறது.

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள தம்பி,

உறுத்துவதையே முதலில் பேசிவிடலாம்.

கடைசி ராத்திரி அந்தப் பிள்ளைகள் எந்த நிலையில் இருப்பார்கள்? மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. காலையில் பிரியப்போகிற சோகம் வேறு. குளிர், தீ, விடாமல் வாசிக்கிற கீபோர்டு, பக்கத்தில் அழுகிற சிநேகிதி. அந்த நேரத்தில் எதற்குக் கை தூக்கச் சொன்னாலும் தூக்குவார்கள். இந்தச் சர்ச்சை பழையது. 1830களில் அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி தன் கூட்டங்களில் முன்வரிசை பெஞ்சை ஒதுக்கி, மனம் கலங்கியவர்களை அங்கே வந்து உட்காரச் சொன்னார். பலரும் அதைப் பின்பற்றினார்கள். 1843இல் பென்சில்வேனியா இறையியலாளர் ஜான் நெவின் அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். பரபரப்பை மனந்திரும்புதல் என்று எண்ணிவிடுகிறோம், பொறுமையாக வேதபாடம் சொல்லி வளர்ப்பதே வழி என்பது அவர் வாதம். ஃபின்னியின் கூட்டங்களில் யாருமே மாறவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் நான் நெவின் கட்சி.

மாற்கு 10இல் ஒரு பணக்காரன் வருகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. அவன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது பின்னால் ஆள் அனுப்பவில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14இல் கேட்கிறவரும் அவரேதான்.

ஆகவே கடைசி ராத்திரி தாளும் பேனாவும் கொடுங்கள். ஆண்டவரிடம் சொல்ல நினைப்பதை எழுதிப் பையில் வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் இட்லி சாப்பிட்ட பிறகும் அந்த எண்ணம் நின்றால் குழுத் தலைவரிடம் போய்ப் பேசட்டும். இதை அமைப்பாளர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மேடையில் வைத்து அவர்களைத் திகைக்க வைக்காதீர்கள். அறிக்கைக்கு எண்ணிக்கை வேண்டுமென்றால், ஜூன் மாதம் ஊரில் வாலிபர் கூட்டத்துக்கு வருகிறவர்களை எண்ணிக்கொள்ளட்டும்.

சரி, தயாரிப்பு. காதல், செல்போன், படிப்பு என்று தலைப்புத் தேடி அலையவேண்டாம். மாற்கு சுவிசேஷம் ஒன்று போதும். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் அதுவே சிறியது. நான்கு பேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரன், கல்லறைகளில் திரிந்தவன், அந்தப் பணக்காரன், சேவல் கூவக் கேட்ட பேதுரு. ஆளுக்கு ஒரு செய்தி. ஒவ்வொன்றும் 25 நிமிடத்துக்குள். பவுல் நெடுநேரம் பிரசங்கம் பண்ணியதில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். பவுல் இருந்ததால் பிழைத்தான். நம்மிடம் அந்த வசதி கிடையாது.

1868இல் வேல்ஸ் நாட்டு லாண்டுட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ் என்பவர் மணலில் 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று எழுதி, அதைக் கிளிஞ்சல்களால் அலங்கரிக்கப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். பிறகுதான் கதை சொன்னார். பிள்ளைகளிடமும் வாலிபரிடமும் வேத வாசிப்பை வளர்க்கிற ஸ்கிரிப்சர் யூனியன் இயக்கத்தின் தொடக்க வரலாற்றில் இதைச் சொல்வார்கள். பேசுவதற்கு முன் பிள்ளைகளின் கைக்கு வேலை கொடுத்தார், அதுதான் எனக்குப் பிடித்தது. நீங்களும் சாப்பாட்டு வரிசையில் நில்லுங்கள், மத்தியானம் வாலிபாலில் தோற்றுக் கொடுங்கள். ஐயர்மார் (சபைப் போதகர்கள்) வீட்டுப் பிள்ளைகளை மட்டும் கொஞ்சம் தனியாகக் கவனியுங்கள். எல்லா வசனமும் மனப்பாடம், எதுவும் உள்ளே போகாது, பாவம்.

முதல் ராத்திரியே கேள்விப் பெட்டி வைத்துவிடுங்கள். பேர் போடாத சீட்டு. நீங்கள் அறிவியல் வாத்தியார் என்று தெரிந்ததும் பரிணாமம் வரும், நழுவாதீர்கள். 'அப்பா குடிக்கிறார், எத்தனை வருஷம் ஜெபிப்பது?' வரும். அதற்கு வசனத்தை எடுத்து நீட்டுவதைவிட, பதில் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டு எழுதியவனுக்காக ஜெபிப்பது மேல். 'வேற சாதியில கல்யாணம் பண்ணினா பாவமா?' கண்டிப்பாக வரும். பாவமில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். பெண் பார்க்கும்போது நம் சபைகளில் முதலில் எதைக் கேட்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். நீங்கள் இழுத்தால் மற்ற மூன்று செய்தியையும் நம்பமாட்டார்கள்.

இதைவிடக் கனமான ஒன்றையும் யாராவது வந்து சொல்லலாம். வீட்டிலோ டியூஷனிலோ, ஏன் சபையிலேயே, யாரோ தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்று. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். ஜெபம் பண்ணி அனுப்பிவைக்கிற விஷயம் கிடையாது. மற்றவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏதாவது வந்தால் முகாமில் யார் பொறுப்பு என்று அமைப்பாளர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். யார் பெயரும் வரவில்லை என்றால், ஒருவரை நியமித்த பிறகுதான் வருவேன் என்று சொல்லிவிடுங்கள்.